ஏழு போக, ஏழு வர

கார்த்திகை 2, திங்கள். ஓசூர் தாண்டி

காலை ஐந்தரைக்கு நாமக்கல்லை விட்டுக் கிளம்பினோம். மகன் பூபதி ஓட்டுகிறான். பக்கத்துச் சீட்டில் மருமகள் சுலோச்சனா. நான் பின்னால் பெட்டிக்குள். பூபதி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரன். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்த கைக்கு இந்த வருஷம் ஆசை வந்து, ஒரு பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு வீட்டையே கட்டிவிட்டான். கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க், பின்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல்.

அந்த ஜன்னலுக்கு நேரே அவருடைய மோட்டார் சைக்கிள். பிக்கப்பின் வாலில் ஒரு இரும்புத் தொட்டிலை வெல்டிங் வைத்து, முன்சக்கரத்தை அதில் தூக்கி உட்கார்த்திப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறான். பின்சக்கரம் ரோட்டில் உருண்டுகொண்டே வரும். ஹெட்லைட் என் கட்டிலைப் பார்த்தபடி இருக்கிறது. நாள் முழுக்க அது என்னைப் பார்க்கிறது, நான் அதைப் பார்க்கிறேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் செங்கோடன். மாசியில் போய்ச் சேர்ந்தார். அஸ்தியில் ஒரு பிடி மண்கலயத்தில் இருக்கிறது. அதைக் காசியில் கரைக்கப் போகிறோம்.

"காசிச் சந்துல இந்தப் பெட்டி நொழையாதும்மா. சுத்திப் பாக்க பைக் வேணுமில்ல?" என்கிறான். வீட்டில் அவனுடைய புது ஸ்கூட்டர் நிற்கிறது. அதை விட்டுவிட்டு முப்பத்தெட்டு வருஷத்துக் கிழ வண்டியை இழுத்துக்கொண்டு வருகிறான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் இவனை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அரை மணி நேரம். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். இவன் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அரை மணி நேரம்தான் இந்தத் தொட்டிலில் உட்கார்ந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சாயந்திரம் கீரை வாங்கப் பூபதி பைக்கை இறக்கி எடுத்துப் போனான். கிளம்பும்போது மீட்டர் 48,217. வந்தபோது 48,220. கீரைக்கடை ஒன்றரை கிலோமீட்டர். சரிதான்.

பேத்தி யாழினி கொடுத்த நோட்டு இது. "அப்பத்தா, பின்னாடி தனியா சண்டை போட ஆள் இருக்காது, இதுல எழுதிக்க" என்றாள். அஞ்சாம் வகுப்புதான் படித்தேன். எழுத்து கோணும். எண் கோணாது.

கார்த்திகை 3, செவ்வாய்

பெட்டிக்குள் வெயில். சுலோச்சனா ரவை உப்புமா கிண்டினாள். உப்பு இல்லை. சொல்லவில்லை. இருபது வருஷம் முன்னால் பந்தியில் வைத்து, "எங்கத்தைக்கு நாக்குல சர்க்கரையே கெடையாது" என்று சொன்னவள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறக்கவுமில்லை.

"காசிக்குப் போனா புடிச்சதுல ஒண்ண விட்டுட்டு வரோணும்ங்கத்தை. நீங்க எத உடப்போறீங்க?" என்று கேட்டாள்.

"பாகக்காய்" என்றேன்.

"அது உங்களுக்குப் புடிக்கவே புடிக்காதுங்களே."

"அதனாலதான் சுளுவா உட்டுரலாம்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கார்த்திகை 4, புதன். கர்நூல்

வண்டி மெதுவாகத்தான் போகிறது. பின்னால் ஒன்று தொங்குவதால் ஐம்பதுக்கு மேல் பூபதி மிதிப்பதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் பட்டையை இழுத்துப் பார்க்கிறான். இழுத்துப் போகும்போது பைக்கின் செயினைக் கழற்றிவிட வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோடு சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் எஞ்சினைச் சுற்ற, எஞ்சின் வெந்துபோகும். இது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் அதற்கு உயிர். பெட்ரோலை மூடிவிட்டுச் சுற்றினால் உள்ளே சொட்டு ஆயில் கிடையாது. பூபதி இதையெல்லாம் சுலோச்சனாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் லாரிக்காரன் பெண்டாட்டி.

முன்சக்கரம் தொட்டிலில் இருப்பதால் மீட்டர் ஓடாது. ஆயிரம் கிலோமீட்டர் இழுத்துப் போனாலும் மீட்டர் நின்ற இடத்தில் நிற்கும். யாராவது ஏறி ஓட்டினால்தான் எண் நகரும். இதுவும் எனக்குப் பழைய பாடம்.

அப்போது அவர் வடக்கு லைன் ஓட்டினார். வீட்டு வாசலிலேயே லாரி நிற்கும். லோடுக்கு மேல் இந்த பைக்கைக் கயிறு போட்டு ஏற்றிக் கட்டுவார். "எதுக்கு?" என்றால், "ஆதிலாபாத்துல லாரி ஆபீசு தூரம், போய் வரோணும்" என்பார். ஏற்றும்போது மீட்டரைப் பார்த்தேன். இறக்கும்போது பார்த்தேன். பதினாலு கூடியிருந்தது. அடுத்த நடையும் பதினாலு. ஏழு போக, ஏழு வர. கிளீனர் ஒருத்தன் விவரம் தெரியாமல், ஆபீசு லாரி நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது என்றான். அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரிந்துபோனது.

நாற்பத்தொரு நடை. அதன் பிறகு கால் முறிந்து லைனை விட்டார். ஒவ்வொரு நடைக்கும் மாதம் சொல்வேன், கிழமை சொல்வேன். இருபத்தாறாவது நடை ஐப்பசியில். அந்த நடையில்தான் என் மகள் வசந்தா மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். லாரி ஆபீசுக்குப் போன் போட்டார்கள். லாரி நிற்கிறது, டிரைவர் பைக் எடுத்துப் போயிருக்கிறார் என்று பதில் வந்தது. அவர் வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள். அப்போதும் மீட்டரைப் பார்த்தேன். பதினாலு.

வசந்தா பிறந்தபோது அவருடைய அம்மா பெயரை வைக்கச் சொன்னார், நல்லாயி என்று. என் மாமியார் என்னைப் பச்சை உடம்போடு கிணற்றடிக்கு அனுப்பியவள். வைக்க மாட்டேன் என்றேன். "வெக்கற எடத்துல வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வைத்திருப்பார்.

மீட்டர் 48,224. இங்கே பூபதி மருந்துக்கடைக்குப் போய்வந்தான். நாலு.

கார்த்திகை 5, வியாழன். ஆதிலாபாத்

லாரி நிறுத்தத்தில்தான் பெட்டியை நிறுத்தினான். எத்தனையோ இடம் இருக்க இங்கே. நாலு மணிக்குச் செயினை மாட்டி பைக்கை எடுத்தான்.

"எங்கடா?"

"காய் வாங்கப் போறேம்மா."

காய்க்கடை எதிரிலேயே இருந்தது. தக்காளி குவித்து வைத்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

இருட்டிய பிறகு வந்தான். கையில் காய் இல்லை. கண் சிவந்திருந்தது. குளிக்கப் போனான். நான் இறங்கிப்போய் டார்ச் அடித்தேன்.

48,238.

முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்த வீடு தள்ளிப் போகவில்லை.

ராத்திரி புருஷனும் பெண்டாட்டியும் வெளியே நின்று பேசினார்கள். தகரச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் தலையணை என்பதை, சுவர் கட்டியவனே மறந்துவிட்டான்.

"அந்தம்மா செத்து ஆறு வருசமாச்சாம். பொண்ணு நாக்பூருக்கு முன்னாடி, மெயின் ரோட்டுலயே டயர் கடை வெச்சிருக்காளாம். நாளைக்கு வண்டியை அவ கையில குடுத்துட்டு நாம காசிக்குப் போயிரலாம்."

"அத்தைகிட்டச் சொல்லிருங்க."

"சொன்னா அம்மா நடு ரோட்டுல எறங்கிக்கும். அப்பா சொல்லிட்டுப் போயிட்டாரு, நான் மாட்டிக்கிட்டேன். ஒரு பழைய வண்டி சுலோ. அதக்கூடக் குடுக்கலீன்னா எப்படி?"

"பேரென்னவாம்?"

"நல்லாயி."

தண்ணீர் குடித்தேன். படுத்தேன்.

கார்த்திகை 6, வெள்ளி. காலை

செயினைக் கழட்டிட்டேனா, பாரும்மா என்றான் பூபதி. பார்த்தேன். கழட்டியாச்சு என்றேன்.

அதே நாள், சாயந்திரம்

கிளம்பிக் கால் மணி நேரத்துக்கெல்லாம் பின்சக்கரம் நின்றுவிட்டது. உருளாமல் தேய்ந்துகொண்டே வந்தது. புகை எழுந்தது. ரப்பர் கருகும் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக வந்தது. முன்சீட்டுக்குப் பெல் அடிக்க ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறான். அது என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். பிறகு முந்திப் போய்க் கையைக் காட்டினான். அப்புறம்தான் பூபதி நிறுத்தினான்.

செயின் மாட்டியே இருந்தது. டயரில் ஒரு பக்கம் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. எஞ்சினைத் தொட்டுக் கையை உதறினான்.

"பாத்துட்டுத்தானம்மா சொன்ன?"

"கண்ணுல பொரை இருக்கறது உனக்குத் தெரியாதா? ஆப்பரேசன் பண்ணி வைக்கறேன்னு சொல்லிச் சொல்லி மூணு வருசமாச்சு."

தன் மேல்தான் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டான். செயினைக் கழற்றியதும் சக்கரம் சுற்றியது. எஞ்சின் சுற்றவில்லை. கிக்கரின் மேல் ஏறி நின்றும் இறங்கவில்லை. மறுபடி கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். இந்தத் தடவை ஹெட்லைட்டை நான் பார்க்கவில்லை. போர்வையை ஜன்னலில் மாட்டிவிட்டேன்.

மூன்று மணிக்கு அந்த டயர் கடை. தகரக் கூரை, கம்ப்ரஸர், அடுக்கி வைத்த லாரி டயர்கள். ஒருத்தி குந்தி உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். பூபதி முன்னால் போய் என்னவோ சொன்னான். அவள் எழுந்து சேலையில் கையைத் துடைத்தாள். என் மாமியாருடைய நெற்றி. என் மாமியாருடைய அந்தக் குறுகிய நெற்றி, மராட்டி தேசத்தில், கிரீஸ் பூசிக்கொண்டு நிற்கிறது.

"வாங்க பெரியம்மா" என்றாள்.

தமிழ் பேசுகிறாள். நாமக்கல் லாரிகள் நிற்கிற கடை. டிரைவர் பாஷை அது, பாதி கெட்ட வார்த்தை. கெட்டது எது, நல்லது எது என்று அவளுக்கே தெரியாது போல.

பைக்கைச் சுற்றி வந்தாள். டாங்கியைத் தொட்டாள். "இந்தச் செகப்பு ஞாபகம் இருக்குண்ணே. ஒக்கார வெச்சு ஒரு ரவுண்டு அடிப்பாரு" என்றாள். பிறகு கிக்கரை அழுத்தினாள். அது அசையவில்லை. அவள் முகம் மாறியது.

"செத்துப் போச்சேண்ணே."

கார்த்திகை 7, சனி

போயிருப்போம் என்று நினைத்தேன். செத்த வண்டியை அவள் காலடியில் போட்டுவிட்டு, பூபதி தலை குனிந்து, நாங்கள் காசிக்கு. அதுதான் நான் நினைத்தது.

"செத்த வண்டியக் குடுத்துட்டு நான் எந்த மொகத்தோட அப்பாவக் கரைக்கறது?" என்றான் பூபதி. எஞ்சினை இறக்கியாயிற்று. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டதாம். நாக்பூர் லேத்தில் கொடுத்துக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு மாட்ட நாலு நாள்.

நாலு நாள் இந்த வாசலில் உட்கார வேண்டும். பெட்டிக்குள் என்னை நானே பூட்டி, சாவியை நானே விழுங்கியது போல் இருக்கிறது.

அவள் புருஷன் டிரைலர் ஓட்டி குஜராத் பக்கம் போயிருக்கிறான். பிள்ளை இல்லை. காலையில் டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. சுலோச்சனா எடுத்துக் குடித்தாள்.

கார்த்திகை 8, ஞாயிறு

மத்தியானம் அவள் சமைத்தாள். கொண்டுவந்து வைத்ததும் வாசனை தெரிந்துவிட்டது. அரிசியும் பருப்பும். பூண்டைத் தட்டாமல் முழுசாகப் போட்டு, தேங்காயைத் துருவாமல் பல்லுப் பல்லாக நறுக்கி. எங்கள் பக்கத்தில்கூட எல்லா வீட்டிலும் தேங்காயை அப்படி நறுக்குவதில்லை. நான் நறுக்குவேன்.

"எங்கம்மா செய்யும். அவரு சொல்லிக் குடுத்தாராம்" என்றாள்.

என் அடுப்படியில் நின்று பார்த்து, ஏழு கிலோமீட்டர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். தேங்காய் நறுக்குவதைக்கூட விட்டு வைக்கவில்லை.

பசி தாங்கவில்லை. தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

கார்த்திகை 9, திங்கள்

பூபதியும் சுலோச்சனாவும் லேத்துக்குப் போனார்கள். நானும் அவளும் மட்டும். அவள் கியர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் பேசினாள்.

"பெரியம்மா, செயின் மட்டும் மாட்டியிருந்தா எஞ்சின் சுத்தாது."

நான் கேட்காதது போல் டயரைப் பார்த்தேன்.

"நியூட்ரல்ல நிறுத்தினேன், பச்சை லைட்டப் பாத்தேன்னு அண்ணன் சத்தியம் பண்றாரு. நான் தொறந்தப்ப முதல் கியர்ல கெடந்துச்சு. நியூட்ரல்ல நின்ன வண்டி தானா கியர்ல விழுவாது."

"அப்ப என்னங்கற?"

"ஒண்ணுஞ் சொல்லல. கெரோசின் டப்பாவ இப்படித் தள்ளுங்க."

தள்ளினேன்.

"அண்ணங்கிட்டச் சொல்லு போ. எனக்கென்ன பயமா?" என்றேன்.

"சொல்றதா இருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன். அந்த ஆளு தலையில அடிச்சுக்கிட்டப்பவே."

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, இடது காலால் ஒரு மிதி. அவ்வளவுதான். எங்கள் வாசல் சரிவு. வண்டி உருண்டுவிடக் கூடாது என்று ராத்திரி ராத்திரி அவர் தூங்கிய பிறகு நான்தான் வந்து கியரில் மிதித்து வைப்பேன். வருஷக்கணக்காக. கால் அதை மறக்கவில்லை. இதை இங்கே முதலிலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

கார்த்திகை 10, செவ்வாய்

மழைத் தூறல். பிஸ்டன் வந்தது. சுலோச்சனா எனக்கு இருமல் மருந்து வாங்கி வந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான்.

கார்த்திகை 11, புதன்

சாயந்திரம் எஞ்சினை ஏற்றினார்கள். நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம். நாற்பத்தொரு தடவை எங்கள் வாசலுக்கு வந்த சத்தம். பூபதி அழுதான். அவள் ஒரு சுற்றுப் போய் வந்தாள். மீட்டர் 48,240.

ஆர்.சி. புத்தகத்தை அவள் கையில் கொடுத்தான். வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியில் வைத்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்க என்னிடம் வேறொரு கால் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் பக்கத்தில் ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எதுவும் மறக்காதுன்னு அண்ணன் சொன்னாரு."

"ஆமா. எதுவும் மறக்காது."

"ஒண்ணு கேட்டா செருப்பால அடிக்கக்கூடாது."

"கேளு. செருப்பு பெட்டிக்குள்ள கெடக்குது."

சிரித்தாள். பிறகு விரலில் இருந்த கிரீஸைச் சேலை முனையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கப்பா எங்க வீட்டுக்கு எத்தன தடவ வந்திருப்பாருங்க? எங்கம்மா நூறுன்னு சொல்லும். எங்க பாட்டி, பத்து தடவகூட வரல, உங்கம்மா பொய் சொல்றான்னு சொல்லும். ரெண்டு பேரும் போயிட்டாங்க. எனக்கு அந்த ஒரு ரவுண்டு மட்டுந்தான் ஞாபகம். அவரு நெசமாவே வந்தாரா, இல்ல ஒரு ரெண்டு மூணு தடவ வந்துட்டு ஓடிட்டாரான்னு... சொல்றதுக்கு ஆளே இல்ல."

முப்பத்தைந்து வருஷமாக ஒவ்வொன்றையும் நான் வைத்திருந்தது எதற்கு? ஒருநாள் அவரை நிற்க வைத்து, மாதம், கிழமை, மீட்டர் எண்ணோடு கேட்க வேண்டும் என்று. அந்த நாள் வரவே இல்லை. கேட்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு நோவு, இல்லை எனக்கு ஒரு நோவு. இப்போது கேட்பது இவள்.

சொல்ல ஆரம்பித்தேன். முதல் நடை, சித்திரை, கோழித்தீவன லோடு. இரண்டாவது ஆனி. ஆடியில் மழை, லாரி ஒரு வாரம் நின்றது, அந்த ஒரு நடை மட்டும் இருபத்தெட்டு. "ரெண்டு நாள் வந்திருக்காரு" என்றாள். "ஆமா, ரெண்டு நாள்" என்றேன். தைக்குப் போகும்போது இரண்டு கரும்பைக் கட்டிக்கொண்டு போனார், அங்கே ஆபீசில் கேட்டார்கள் என்று. "கரும்பு!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாசியில் ஒரு குட்டிச் சட்டை அவருடைய பைக்குள் கிடந்தது, மஞ்சளில் வாத்துப் போட்டது. நான் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தேன். "இருக்குங்க பெரியம்மா, அது இன்னும் இருக்கு" என்றாள்.

அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். இருபத்தைந்து வரை வந்தோம். இருபத்தைந்தாவது புரட்டாசி. அதற்கு அடுத்தது.

தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தாள். குடித்தேன். பிறகு கார்த்திகை மாதத்து நடையைச் சொன்னேன். அவள் இருபத்தாறாவது விரலை மடித்தாள்.

கடைசி நடையைச் சொல்லி முடித்தபோது லாரி நிறுத்தத்தில் விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள்.

"அப்ப மொத்தம் நாப்பதுங்களா?"

"நாப்பது."

"நூறு இல்ல. ஆனா பத்தும் இல்ல" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

கார்த்திகை 12, வியாழன். ரோட்டில்

அவள் காலையில் பைக்கில் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தாள். போர்வையை விலக்கிப் பார்த்தேன். ஹெட்லைட்டுக்கு மேலே அந்தக் குறுகிய நெற்றி. ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கிவிட்டுத் திரும்பிவிட்டாள். இப்போது தொட்டில் மட்டும் ஆடிக்கொண்டு வருகிறது. பட்டை ஒன்று அவிழ்ந்து ரோட்டில் அடிக்கிறது. பெல் அடித்தேன். பூபதி நிறுத்திக் கட்டிவிட்டு, "ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கும்மா பட்டை?" என்றான்.

மத்தியானச் சோற்றுக்கு நின்றபோது சுலோச்சனா மறுபடி ஆரம்பித்தாள்.

"காசியில எத உடப்போறீங்கத்தை? பாகக்காய்னு சொல்லாதீங்க, சாமி ஏமாறாது."

கலயம் என் மடியில் இருந்தது. வாயைக் கட்டிய மஞ்சள் துணியை இறுக்கிக்கொண்டேன். அந்த ஐப்பசி நடையை விடலாம். நாற்பதைக் கொடுத்தாயிற்று, ஒன்றுதான் மிச்சம். கங்கையில் விட்டால் போய்விடும் என்கிறார்கள்.

"கத்திரிக்காய்" என்றேன்.

"அய்யோ, அது உங்களுக்கு உசுராச்சே!"

"ஆமா" என்றேன். "அத உட்டர்றேன்."